சொட்டுநீர் சேமித்த தண்ணீர் எங்கே போச்சு?

பாசன முறைகள் யாவை? விளக்குக. ஐந்து மதிப்பெண் கேள்வி.

வாய்க்கால் பாசனம், பாத்திப் பாசனம், தெளிப்புநீர்ப் பாசனம், சொட்டுநீர்ப் பாசனம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி போட்டு, கடைசியில் "இவற்றுள் சொட்டுநீர்ப் பாசனமே சிறந்தது, ஏனெனில் அது நீரைச் சேமிக்கிறது" என்று அடிக்கோடு இழுத்துவிட்டால் முழு மதிப்பெண் நிச்சயம். படம் வரைந்தால் டீச்சருக்கு இன்னும் சந்தோஷம்.

இந்த ஐந்து மதிப்பெண் விடையைத்தான் அரசாங்கமும் எழுதிக்கொண்டிருக்கிறது. வேளாண் கண்காட்சியில், வங்கி மேலாளர் வாயில், பட்ஜெட் உரையில், எல்லா இடத்திலும் அதே விடை. விவசாயி தண்ணீரை வீணாக்குகிறான், அவனுக்குக் கறுப்புக் குழாய் கொடுத்தால் நிலத்தடி நீர் தப்பித்துவிடும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இந்தியாவிலேயே தாராளமான திட்டங்களில் ஒன்று. பத்து வருடத்துக்கு மேலாக ஓடுகிறது. 2015இல் மத்திய அரசு 'ஒரு துளியில் அதிக விளைச்சல்' என்று ஒரு பெயரும் வைத்துவிட்டது.

சரி. அவ்வளவு தண்ணீர் மிச்சமாகியிருந்தால் கிணற்றில் தண்ணீர் மேலே வந்திருக்க வேண்டுமே? வந்ததா?

நத்தம் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். மேற்கே சிறுமலை, வடக்கே கரந்தமலை, தெற்கே அழகர்மலை. மூன்று பக்கமும் மலை, நடுவில் ஒரு தாம்பாளம் மாதிரி ஊர். (வருவாய்த்துறை பாஷையில் 'நத்தம்' என்றால் குடியிருப்பு நிலம். பயிர் செய்யாத நிலத்தின் பெயரைத் தாங்கிய ஊரைச் சுற்றி இவ்வளவு தோப்பு!) மாங்காய் சீசனில் மதுரை ரோட்டில் லாரி லாரியாக மாங்காய் போகும். புளி, தென்னை, காய்கறி, கொஞ்சம் வாழை, கொஞ்சம் நெல்.

இந்த ஊருக்குக் கால்வாய் கிடையாது. 1895இல் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் பேரணையில் திரும்பி மேலூர் பக்கம் போகிறது. நத்தம் அதற்கு மேட்டில் இருக்கிறது. காவிரியும் இல்லை, வைகையும் இல்லை. மலையில் பெய்கிற மழை, அது இறங்கி வரும் ஓடை, அதைப் பிடிக்கிற குளம், கண்மாய், அதன் கசிவில் ஊறுகிற கிணறு. இவ்வளவுதான் சொத்து. இங்கே மிஞ்சுகிற தண்ணீர் பாலாற்றிலும் திருமணிமுத்தாற்றிலும் சிவகங்கைச் சீமை நோக்கி இறங்கிப் போகும்.

அடியிலோ பாறை. மணல் படுகை மாதிரி தண்ணீரைத் தேக்கி வைக்கிற பூமி இல்லை. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கருங்கல். சிதைந்த பாறையில் ஊறும் தண்ணீர்தான் கிணற்றுத் தண்ணீர். கருங்கல்லில் வெடிப்பு இருந்தால் போரில் தண்ணீர், வெடிப்பு இல்லாவிட்டால் புகைதான். வெறும் கல் தூள் புகையாகக் கிளம்பும். இரவெல்லாம் ரிக் வண்டி சத்தம் போடும், பாதி ஊர் வேடிக்கை பார்க்கும், விடியும்போது தோட்டம் முழுக்க வெள்ளைத் தூள் படிந்திருக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போகிறது. நத்தத்துக்கு வராமலா இருக்கும்? தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவருக்குத் தட்சணை, அடிக்கு இவ்வளவு என்று போர் கூலி, ஆழம் போகப் போக அந்த ரேட்டும் ஏறும், கேசிங் பைப் தனிக் கணக்கு. தண்ணீர் வராவிட்டாலும் கூலி கூலிதான். காட்டை அடமானம் வைத்துப் போட்ட போர் புகையோடு முடிந்த கதை இல்லாத ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறதா?

திண்டுக்கல் மாவட்டத்தின் பெரும்பாலான ஒன்றியங்கள் வருடக்கணக்காக 'அதிநுகர்வு' பட்டியலில் இருப்பவை. அதாவது ஒரு வருடத்தில் பூமிக்குள் இறங்குகிற தண்ணீரைவிட அதிகமாக வெளியே எடுக்கிறார்கள் என்று அர்த்தம். நிலக்கோட்டை மல்லிகைக்கும், ஒட்டன்சத்திரம் காய்கறிக்கும், ஆயக்குடி கொய்யாவுக்கும் இதுதான் பின்னணி. சொட்டுநீர் போட்ட காட்டையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அப்படியானால் சேமித்த தண்ணீர் எங்கே போச்சு?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளங்குவதற்காக மட்டும். ஓர் ஏக்கர் தக்காளிக்கு வாய்க்காலில் 100 பங்கு தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 பங்கைச் செடி குடித்து ஆவியாக விடுகிறது. 10 பங்கு வெயிலில் போகிறது. மீதி 30 பங்கு? அது எங்கேயும் போகவில்லை. மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கே திரும்புகிறது. தன் கிணற்றுக்கோ, பக்கத்துக் காட்டுக்காரன் கிணற்றுக்கோ, பள்ளத்தில் இருக்கும் குளத்துக்கோ. கிணற்றுக்கு உண்மையான நஷ்டம் 70 பங்கு.

இப்போது சொட்டுநீர் போட்டாச்சு. அதே ஏக்கருக்கு 65 பங்கு போதும். செடி அதே 60 பங்கைக் குடிக்கும், 5 பங்கு வீண். "35 சதவீதம் சேமிப்பு!" என்று கம்பெனிக்காரர் நோட்டீஸ் அடிப்பார். ஆனால் அந்த 35இல் 30 பங்கு முன்பே கிணற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தண்ணீர். உண்மையான மிச்சம் 5 பங்குதான். அதுவாவது மிச்சமாகிறதா என்றால், அங்கேதான் விஷயமே இருக்கிறது. மோட்டார் முன்பு ஓடிய அதே நேரம்தான் இப்போதும் ஓடும், ஏனென்றால் கரண்ட் இலவசம். பக்கத்தில் அரை ஏக்கர் தரிசாகக் கிடக்கிறது. மிச்சமான 35 பங்கு அங்கே போகும். எந்த விவசாயி விடுவார்? ஆக மொத்தம் அதே 100 பங்கு வெளியே வருகிறது, ஒன்றரை ஏக்கர் விளைகிறது, கிணற்றுக்குத் திரும்புவதோ பூஜ்யம். முன்பு கிணற்றுக்கு நஷ்டம் 70. இப்போது 100.

சேமிப்புத் திட்டம் போட்டுச் செலவைக் கூட்டுவது என்றால் இதுதான்!

இது நத்தத்துக் குசும்பு இல்லை, உலகம் முழுக்க இதே கதை. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனத்துக்காக 2017இல் கிறிஸ் பெர்ரியும் பாஸ்குவாலே ஸ்டெடுட்டோவும் பல நாட்டு அனுபவங்களைத் திரட்டி அறிக்கை எழுதினார்கள். நவீனப் பாசனக் கருவிகளால் விளைச்சல் கூடியது, விவசாயி வருமானம் கூடியது, ஆனால் எடுக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் மொத்த நீர்ச் செலவு குறையவில்லை, கூடவே செய்தது என்பதுதான் அதன் சாரம். அடுத்த வருடமே 'சயின்ஸ்' இதழில் கிராஃப்டன் குழுவின் கட்டுரையும் அதையே சொன்னது. எட்டு, ஒன்பது வருடமாகிவிட்டது. ஐந்து மதிப்பெண் விடை மட்டும் மாறவே இல்லை.

இங்கே விஷயம் தெரிந்தவர்கள் ஓர் எதிர்வாதம் வைப்பார்கள். ஆயிரம் அடி போருக்கு வயலில் பாய்ந்த தண்ணீர் திரும்பிப் போகுமா, அது பல வருடம் பிடிக்குமே என்று. நியாயமான கேள்வி. ஆழ்துளைக்காரருக்கு அது திரும்பாமல் போகலாம். ஆனால் அவர் காட்டுக்குக் கீழ்ப் பக்கம் நாற்பது அடி, ஐம்பது அடி வட்டக் கிணறு வைத்திருக்கிறாரே ஒரு ஆள், அவருடைய ஊற்று அதுதானே? மேலே சொட்டுநீர் வந்ததும் கீழே கிணறு வற்றினால், அதற்குச் 'சேமிப்பு' என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

மாமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வறட்சிக் காட்டில் மா என்பது அடிப்படையில் மானாவாரி மரம். கன்று வைத்து முதல் இரண்டு மூன்று கோடைக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவார்கள். சிலர் அடியில் ஓட்டை போட்ட பானையைப் புதைத்து, திரி வைத்து, அதில் நிரப்பி விடுவார்கள். அதுவும் சொட்டுநீர்தான், மானியம் இல்லாத சொட்டுநீர்! வேர் பிடித்த பிறகு மரம் மழையை நம்பி நாற்பது ஐம்பது வருடம் நிற்கும். முப்பது அடிக்கு ஒரு மரம், ஏக்கருக்கு நாற்பது சொச்சம்.

இப்போது தோட்டக்கலைத் துறை சொல்வது அடர் நடவு. ஐந்து மீட்டருக்கு ஒரு மரம், ஏக்கருக்கு 160. கூடவே சொட்டுநீர். நல்ல மகசூல், சீக்கிரம் காய்ப்பு, மறுக்க முடியாது. ஆனால் இந்த மரங்கள் மழையை மட்டும் நம்பி நிற்காது. ஒரு மரத்துக்கு நாளுக்கு 40 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 6,400 லிட்டர், கோடை முழுக்க. முன்பு அந்த ஏக்கர் போரிலிருந்து எடுத்தது எவ்வளவு? பூஜ்யம். பூஜ்யத்தை 6,400 ஆக்கிவிட்டு அதைப் 'பாசன நீர் சேமிப்பு' என்ற தலைப்பில் கணக்கு எழுதுகிறார்கள் பாருங்கள், அதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

இன்னொரு கணக்கு. இந்தப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. ஓர் ஏக்கர் மேல் விழும் தண்ணீர் 32 லட்சம் லிட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடினப் பாறைப் பூமியில் நிலத்தடிக்குப் போய்ச் சேருவது தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு. அதாவது 3.2 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கர் வாழைக்கு, மழையில் கிடைப்பது போக, மோட்டாரில் 700 மில்லிமீட்டர் கொடுக்கிறார்கள் என்று வைத்தால் 28 லட்சம் லிட்டர். சொட்டுநீரில் கொடுத்தாலும் சரி, வாழை குடிக்காமல் விடாது. ஆக ஓர் ஏக்கர் வாழைக்காரர் சுற்றியுள்ள ஒன்பது ஏக்கரின் மழையை உறிஞ்சுகிறார். அந்த ஒன்பது ஏக்கரும் அவருடையதா?

சட்டத்தைக் கேட்டால் "எடுத்துக்கொள்" என்கிறது. 1882ஆம் வருடத்து வெள்ளைக்காரன் காலச் சட்டப்படி நிலத்துக்குச் சொந்தக்காரன் அதன் அடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். பாறை வெடிப்புக்குச் சர்வே நம்பர் தெரியாது என்பதை அந்தச் சட்டம் யோசிக்கவில்லை. பிறகு யோசித்தார்கள். 2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நிறைவேறி? நடைமுறைக்கே வரவில்லை. பத்து வருடம் அலமாரியில் தூங்கியது, 2013இல் ரத்து செய்துவிட்டார்கள். பிறக்காத பிள்ளைக்குக் கருமாதி. இதில் இந்தக் கட்சி அந்தக் கட்சி என்று பிரிக்கவே முடியாது. இடையில் இரண்டு பேருமே ஆண்டார்கள்.

சொட்டுநீர் என்றதும் எல்லாரும் இஸ்ரேல், இஸ்ரேல் என்பார்கள். சிம்கா பிளாஸ் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார், 1965இல் ஹட்செரிம் கிப்புட்ஸ்காரர்கள் நெட்டாஃபிம் கம்பெனி ஆரம்பித்தார்கள், பாலைவனம் சோலைவனம் ஆனது. பாடப்புத்தகமே எழுதும். பாடப்புத்தகம் எழுதாத ஒரு வரி உண்டு. நெட்டாஃபிம் வருவதற்குப் பத்து வருடம் முன்பே, 1955இல், இஸ்ரேலில் தண்ணீரை மீட்டர் வைத்து அளக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1959இல் நாட்டின் தண்ணீர் முழுவதும், ஒருவன் நிலத்துக்கு அடியில் இருந்தாலும், பொதுச் சொத்து என்று இன்னொரு சட்டம். விவசாயிக்கு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒதுக்கீடு. அந்த ஒதுக்கீட்டுக்குள் எப்படி அதிகம் விளைவிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டபோதுதான் குழாய் உபயோகப்பட்டது.

முதலில் அளவு, பிறகு குழாய். இங்கே குழாய் மட்டும் கப்பலேறி வந்தது.

"ஒதுக்கீடு, அளவு எல்லாம் நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்று உடனே ஒரு பெரியவர் சொல்வார். அவருக்கு அவர் தாத்தாவையே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கண்மாய்க்கு மடை திறக்கிறவர் என்று ஒரு ஆள் இருந்தார். ஊருக்கு ஊர் பெயர் வேறு: நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன். கண்மாயில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, இந்த வருடம் எந்த மடைக்கு எத்தனை நாள், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பிரித்து விட்டவர் அவர். தண்ணீர் குறைந்த வருடம் கடைமடையை நடாதே என்று ஊர் கூடிச் சொன்னது. அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். கூட்டுக் கிணறும் அப்படித்தான். நாலு பங்காளிகளுக்கு ஒரு கிணறு, முறை வைத்து இறைப்பு. இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. முறை தப்பினால் சண்டை, வெட்டுக்குத்து வரை போனதும் உண்டு. அந்தச் சண்டைக்குப் பொருளே 'அளவு இருந்தது' என்பதுதான்.

(பழைய முறை எல்லாம் பொற்காலம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மடை திறந்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். ஊர் முழுக்கத் தண்ணீர் பிரித்துக் கொடுத்தவருக்குச் சொந்த வயல் இருக்காது. 1858இல் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட குடிமராமத்துச் சட்டமும் கட்டாய உழைப்புச் சட்டம்தான். முறை இருந்தது என்பது ஒன்று, முறை யாருக்காக இருந்தது என்பது வேறொன்று.)

கமலை இறைத்த காலத்தில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. இரண்டு மாடு, ஒரு சால், ஒரு வடம். மாடு களைத்தால் இறைப்பு நின்றது, அதற்குள் கிணறு ஊறியது. பிறகு ஆயில் இன்ஜின் வந்தது. பிறகு ஐந்து குதிரை மோட்டார். கிணறு வற்றியதும் கிணற்றுக்குள்ளேயே சைடு போர், பிறகு கம்ப்ரசர், பிறகு சப்மெர்சிபிள். ஒவ்வொரு படியிலும் ஆழம் போக முடிந்தவன் தப்பித்தான், முடியாதவன் திருப்பூருக்குப் பஸ் ஏறினான்.

1960களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் மூலம் பாசனம் பெற்ற நிலம் சுமார் 9 லட்சம் ஹெக்டேர். 2000களில் அது 5 லட்சத்தைச் சுற்றி வந்துவிட்டது. அந்த இடத்தைப் பிடித்தது கிணறும் போரும். மாநிலத்தின் மொத்தப் பாசனத்தில் பாதிக்கு மேல் இன்று நிலத்துக்கு அடியிலிருந்துதான். ஊர்ப் பொதுவில் இருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தனி ஆள் மோட்டார் ரூமுக்குள் போய்விட்டது என்றும் இதைப் படிக்கலாம். தன் காட்டில் போர் இருக்கிறவருக்குக் கண்மாயைப் பற்றி என்ன கவலை? வரத்துக்கால் மூடினாலும், கலிங்கு உடைந்தாலும், சீமைக்கருவேலம் மண்டினாலும் அவர் மோட்டார் ஓடும், கொஞ்ச நாளைக்கு. அந்தக் கண்மாயின் கசிவுதான் தன் போருக்கும் தண்ணீர் என்பது தெரிய வரும்போது கண்மாய்க்குள் வீட்டுமனைக் கல் நட்டிருப்பார்கள்.

இலவச மின்சாரத்துக்கு வருவோம். இதைத் தொட்டாலே சிலர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பட்டணத்துக் கட்டுரையாளர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து "இலவசத்தை நிறுத்து" என்று எழுதுவது எளிது. அந்த இலவசம் சும்மா வரவில்லை. 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கோவையில் மாட்டு வண்டிகளால் ரோட்டை அடைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். இதே திண்டுக்கல் பக்கத்து வேடசந்தூரிலும் 1978இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990வாக்கில் எல்லாருக்கும் இலவச மின்சாரம் வந்தது அந்த ரத்தத்தின் மேல்தான். விளைபொருளுக்கு விலை கிடைக்காத நாட்டில் அது ஒன்றுதான் விவசாயி கையில் இருக்கும் பிடி. அதைப் பிடுங்கச் சொல்கிறவர்கள் முதலில் தக்காளி விலையைப் பற்றிப் பேசட்டும்.

ஆனால் இலவசமாகக் கொடுப்பதும், எவ்வளவு கொடுத்தோம் என்று அளக்காமலே இருப்பதும் ஒன்றா? மீட்டர் என்றாலே பில் வரும் என்ற பயம், அரசாங்கத்தின் மேல் உள்ள அவநம்பிக்கை, அது நியாயமான அவநம்பிக்கையும்கூட. பஞ்சாபில் 2018இல் ஒரு வழி முயன்று பார்த்தார்கள். 'பானி பச்சாவோ, பைசே கமாவோ' என்று பெயர். தண்ணீரைச் சேமி, காசு சம்பாதி. கரண்ட் இலவசம் இலவசமாகவே இருக்கும். இந்தப் பம்புசெட்டுக்கு இத்தனை யூனிட் என்று ஒரு அளவு. அதற்குக் குறைவாக ஓட்டினால் மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் விவசாயி கணக்கில். கூடுதலாக ஓட்டினால் அபராதம் கிடையாது. குழாயைச் செருகுவதற்குக் கொடுக்கும் காசை மோட்டாரை நிறுத்துவதற்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எல்லா ஊருக்கும் இது பொருந்திவிடும் என்பதில்லை. ஆனால் இங்கே இதைப் பற்றி யாராவது பேசவாவது செய்தார்களா?

கரண்டே அளவாக இருந்த காலமும் உண்டு. 2012 வாக்கில் தமிழ்நாடே இருட்டில் கிடந்தது நினைவிருக்கும். (அப்போது மின்துறை அமைச்சர் நத்தம் விஸ்வநாதன். ஊர்ப் பெயரே நாடெங்கும் கரண்ட் கட்டோடு சேர்ந்து அடிபட்டது, பாவம்.) வரும்போது வரட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டுத் தூங்கப் போனார்கள். நடுராத்திரி த்ரீ பேஸ் வந்தால் மோட்டார் தானாகக் கிளம்பும், வயல் நிரம்பி வழிந்தாலும் ஓடும். விவசாயி தண்ணீரை வீணாக்குகிறான் என்று பாடம் எடுக்கிறவர்கள் அந்த ராத்திரியையும் கணக்கில் வைக்கட்டும். எந்நேரம் வரும் என்று தெரியாத கரண்டை வைத்துக்கொண்டு யார்தான் சிக்கனமாகப் பாய்ச்ச முடியும்?

மகாராஷ்டிரத்தில், முன்பு அகமத்நகர் என்று பெயர் இருந்த அகில்யாநகர் மாவட்டத்து ஹிவரே பஜார் கிராமம் இருக்கிறது. நத்தத்தில் பெய்யும் மழையில் பாதிகூடப் பெய்யாத ஊர். போபட்ராவ் பவார் என்ற ஊராட்சித் தலைவர் காலத்தில் அந்த ஊர் சில முடிவுகளை எடுத்தது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கிடையாது. கரும்பு, வாழை கிடையாது. மலைச்சரிவில் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியாக வேண்டும். வருடா வருடம் மழையை அளந்து, கிணறுகளை அளந்து, இந்த வருடம் இன்ன பயிர் இத்தனை ஏக்கர்தான் என்று கிராம சபையில் கணக்கு வைக்கிறார்கள். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சொட்டுநீர் அங்கேயும் உண்டு. ஊரை நிமிர்த்தியது முதலில் அந்தக் கணக்குதான்.

இதைப் படித்துவிட்டு "அப்போ சொட்டுநீரே வேண்டாமா?" என்று கேட்க ஒருவர் வருவார். வேண்டும், தாராளமாக வேண்டும். காட்டு வேலைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் மடை மாற்றிவிட ஆள் வேண்டாம் என்பதே பெரிய லாபம். களை குறைகிறது, உரத்தைத் தண்ணீரோடு கொடுத்துவிடலாம், காய் ஒரே சீராக வருகிறது. சொட்டுநீர் போட்ட விவசாயிகளைக் கேட்டால் முதலில் சொல்வதும் ஆள் கூலி மிச்சம் என்பதைத்தான். மானியத்தை அந்தப் பெயரிலேயே கொடுக்கலாமே. விவசாயிக்கு உதவி என்று நேராகச் சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நிலத்தடி நீரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கொடுக்கும்போதுதான் சிக்கல். காப்பாற்ற வேண்டிய வேலை முடிந்துவிட்டதாக எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

யாருக்குப் போகிறது அந்தக் காசு என்பதும் பேச வேண்டிய விஷயம். சொட்டுநீருக்குத் தண்ணீர் ஆதாரம் வேண்டும். கிணறோ போரோ, அதற்கு மோட்டாரோ இன்ஜினோ இருந்தால்தான் மானியம். கண்மாய்க்குக் கீழே அரை ஏக்கர் வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு போகம் நெல்லுக்கு வானத்தைப் பார்க்கிறவருக்கு இந்த 100 சதவீதத்தில் பைசா கிடையாது. மானாவாரியில் சோளம் விதைக்கிறவருக்கும் கிடையாது. ஏற்கெனவே ஆழத்தில் கை வைத்தவருக்கே மேலும் வசதி.

போரில்லாத அந்த ஆளுக்கும், போர் வற்றப் போகிற இந்த ஆளுக்கும் சேர்த்துப் பயன்படுகிற வேலை கண்மாய் வேலைதான். 2017இல் குடிமராமத்து என்று பழைய பெயரிலேயே திட்டம் கொண்டு வந்தார்கள். கரையைப் பலப்படுத்துவது, மடையைப் பூசுவது, போர்டு வைப்பது எல்லாம் எளிது. வரத்துக்கால் கடினம். மலையடிவாரத்திலிருந்து கண்மாய் வரை வருகிற அந்த ஓடையில் யார் யார் வேலி போட்டிருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். 2007இலேயே ஆக்கிரமிப்பை அகற்றத் தனிச் சட்டம் இருக்கிறது. கரை நன்றாக இருந்து வரத்துக்கால் மூடியிருந்தால், அது சுவர் மட்டும் கட்டிய வீடு.

சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பிக்க விவசாயி தூக்கிக்கொண்டு அலைகிற காகிதங்கள்: சிட்டா, அடங்கல், நில வரைபடம், தாசில்தார் கொடுத்த சிறு விவசாயி சான்று, ஆதார், மண், நீர்ப் பரிசோதனை முடிவு. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கேட்கிறார்கள். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்பதில்லை. மானியம் கொடுக்கும் அன்று ஒரு தடவை, மூன்று வருடம் கழித்து ஒரு தடவை கிணற்றை அளந்து எழுதியிருந்தால், சொட்டுநீர் தண்ணீரைச் சேமித்ததா இல்லையா என்று இந்நேரம் நத்தம் ஒன்றியத்துக்காவது தெரிந்திருக்கும். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், இஸ்ரேல் வேண்டாம். ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும்.